இருமலுக்கு ஒரு புள்ளி

தொலைபேசியில் யார் இருமினாலும் அது தொண்டை இருமலா, நெஞ்சு இருமலா, பேச்சைத் தட்டிக்கழிக்கிற பொய் இருமலா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எட்டு வருஷம் ஒரு மருத்துவமனையின் தொலைபேசி மேசையில் இருந்தவள். அங்கே வைத்த பட்டப்பெயர்தான் பாம்புக்காது. கருத்துக்கணிப்பு அலுவலகத்துக்கு மாறிய பிறகும் அது அவளை விடவில்லை.

இங்கே ஒன்பது வருஷமாக ஒப்பந்த வேலை. தேர்தல் வந்தால் கூப்பிடுவார்கள்; முடிந்ததும் "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். மாடியில், ஆய்வுப் பிரிவில், ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நிரந்தர வேலை. நாற்பத்தாறு வயதில் அதன்மேல் அவளுக்கு ஒரு கண்.

அந்த வருஷம் குளிரோடு தொற்றும் வந்தது, வழக்கம்போல. வழக்கத்துக்கு மாறாகத் தேர்தலும் அதே வாரத்தில் வந்து உட்கார்ந்தது. ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்டால் நூற்றுக்கு எண்பது பேர் "கண்டிப்பா" என்றார்கள். ஆனால் பல "கண்டிப்பா"க்களுக்கு முன்னும் பின்னும் இருமல். படிவத்தில் இருமலுக்குக் கட்டம் கிடையாது. அவள் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். ஒரே தெருவில் ஏழு புள்ளிகள் விழுந்ததும் எழுந்து மேலாளரிடம் போனாள்.

"சார், எண்பது வராது. அறுபதுதான்."

"யாரு சொன்னா?"

"இருமல்."

அவர் படிவங்களைப் புரட்டிப் பார்த்தார். "ஏம்மா, அறுபதுன்னு அறிக்கை கொடுத்து எண்பது வந்துட்டா?"

"என் வேலை போகும்."

"அதை நீங்களே சொன்னீங்க, நான் சொல்லல." கொஞ்சம் யோசித்தார். "சரி, அறுபதுன்னே கொடுப்போம். வந்தா மாடி நாற்காலி உங்களுக்கு."

தேர்தலன்று காலையில் அவள் கணவரையும் கிளப்பினாள். கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர், வாரம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறவர். முகக்கவசம் மாட்டி, செருப்பும் போட்டு, படிக்கட்டு வரை வந்தவர் நின்றுவிட்டார்.

"கீழ்வீட்டுக்காரர் இருமுறாரு, கேக்குதா? அவரும் அங்கதானே வருவாரு. நான் வரல."

"ஏங்க, உங்களுக்குத்தான் ஒண்ணுமே இல்லையே!"

"அதான் சொல்றேன். இல்லாததைப் போய் வாங்கிட்டு வரணுமா?"

"சரியான பயந்தாங்கொள்ளி" என்று முணுமுணுத்துவிட்டுத் தனியாகப் போய் ஓட்டுப் போட்டு வந்தாள்.

மறுநாள் வாக்குப்பதிவுக் கணக்கு வந்தது: நூற்றுக்கு அறுபத்தொன்று. மேலாளர் நியமனக் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லி, சாயங்காலம் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். மிச்சமிருந்தது வழக்கமான மறு அழைப்புதான். அதே எண்களைக் கூப்பிட்டு, ஓட்டுப் போட்டார்களா என்று கேட்க வேண்டும். வெற்றியைக் காதாரக் கேட்கலாமே என்று புள்ளி வைத்தவர்களிடமிருந்து தொடங்கினாள்.

"போட்டேனே!" என்றார் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், இருமிக்கொண்டே. "கடைசி ஒரு மணி நேரத்தைக் காய்ச்சல்காரங்களுக்குன்னு ஒதுக்கிட்டாங்கம்மா. தள்ளுமுள்ளு கிடையாது, ராஜமரியாதை!"

அடுத்தவரும் போட்டிருந்தார். அதற்கடுத்தவரும். நாற்பது புள்ளிகளில் முப்பத்துமூன்று பேர் போட்டிருந்தார்கள். அவளுக்குக் காது அடைத்தது போலிருந்தது. அப்படியானால் வராதவர்கள் யார்? புள்ளி இல்லாத எண்களை அழைத்தாள்.

"எதிர்வீட்ல மூணு பேரு படுத்துட்டாங்க. நாங்க எதுக்கு வம்பை விலைக்கு வாங்கணும்?" என்றாள் ஒருத்தி, கணீரென்ற குரலில். இருமலின் சாயல்கூட இல்லை. படிக்கட்டில் நின்ற கணவரின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்திலேயே பதில் நின்றிருக்கிறது. அதைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

எண்ணிக்கை சரி, காரணம் தப்பு. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் தெரிந்துகொண்டதை அடக்கி வைக்க அவளால் முடியவில்லை. சாயங்காலம் மேலாளர் பேனாவைத் திறந்தபோது போய்ச் சொன்னாள்.

"ஜெயிச்சப்புறம் தோத்துட்டேன்னு யாராவது மனு கொடுப்பாங்களாம்மா?"

"அடுத்த குளிருக்கும் இந்தப் புள்ளிய நம்பினா கவுந்துடுவோம், சார். இருமினவங்க ஓட்டுப் போட்டுட்டாங்க. அந்த இருமலைக் கேட்டவங்கதான் போடல."

அவர் பேனாவை மூடினார். "அப்ப என்னதான் கேக்கணும்?"

"இன்னும் முழுசாத் தெரியல. நூறு எண் கொடுங்க, ரெண்டு நாள் போதும்."

"அதுவரைக்கும் நாற்காலி?"

"நாலு கால் இருக்கே தவிர அது எங்கயும் ஓடாது, சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்தில்லாத கடிதத்தை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு, நூறு எண்கள் கொண்ட தாளை நீட்டினார்.

முதல் எண்ணில் ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க பக்கத்து வீட்ல யாராவது இருமுறாங்களாம்மா?"

மறுமுனையில் குரல் சட்டென்று தணிந்தது. "மெதுவாப் பேசுங்க, சுவர் மெல்லிசு. நேத்து மட்டும் எத்தனை தடவைன்னு சொல்லட்டுமா?"

பாம்புக்காது பென்சிலை எடுத்தாள்.

"சொல்லுங்க."