கை படாமல் எழுந்த எலி

ஆவுடையப்பன் பிடித்தால் எலி கடிக்காது. சங்கரன்கோவிலை விட்டு ராஜபாளையம் போகிற ரோட்டில் இருக்கும் மருந்துக் கல்லூரி ஒன்றில் பதினாறு வருஷமாக அதுதான் அவனுக்கு வேலை. கூண்டைக் கழுவி, உமி மாற்றி, தீனி வைத்து, பிள்ளைகள் சோதனை செய்யும்போது எலியைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாளில் அவன் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி எலிகளோடுதான்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு உண்டு. அம்மா பாலம்மாள் இருந்தவரை, விழுந்தவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நினைவு திரும்புகையில் முதலில் தெரிவது அந்தக் கைதான். அம்மாவின் சித்தி வழியில் தூரத்துச் சொந்தம், சிவகிரிப் பொன்மணி. இவனுக்கு வலிப்பு இருப்பதை மறைத்துத்தான் அவளைக் கட்டி வைத்தார்கள். மூன்றாம் மாதம் அவள் கண்முன்னே விழுந்தான். வாயைத் துடைத்து, வேட்டி மாற்றி, எல்லாம் அவள்தான் செய்தாள். மறுநாள் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"நோவுக்காகப் போகலை. அத்தனை பேரும் சேர்ந்து மறைச்சீங்கள்லா, அதுக்குத்தான் போறேன்."

அவள் வேறு கல்யாணம் கட்டி இப்போது பேரனும் எடுத்துவிட்டாள். பாலம்மாளும் போய்விட்டாள். ஆவுடையப்பன் தறித் தெருவில் ஒற்றை அறையில் இருக்கிறான். மாத்திரை போடுவதால் வலிப்பு எப்போதாவதுதான் வரும், அதுவும் விடிகாலையில். தறிகள் ஓடுகிற சத்தத்தில் ஓர் ஆள் விழுவது யாருக்கும் கேட்காது. தானே எழுந்து, தானே தரையைத் துடைத்துவிட்டு வேலைக்கு வருவான். கல்லூரியில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சோதனை அறையில் இருக்கும் கரண்ட் மிஷின் பக்கம் விடமாட்டார்கள், வேலையே போனாலும் போகும் என்பது அவன் பயம்.

இந்த வருஷம் ஜெஸ்லின் என்ற மாணவி ஒரு சோதனை தொடங்கினாள். தலைவலிக்கும் மேல்வலிக்கும் எல்லாரும் கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரை வலிப்பைக் கூட்டுமா, குறைக்குமா என்று பார்க்க வேண்டும். எலியின் காதுகளில் கிளிப்பை மாட்டி ஒரு நொடிக்கும் குறைவாகக் கரண்ட் கொடுத்தால் வலிப்பு வரும். பின்னங்கால் எத்தனை நொடி விறைக்கிறது, எத்தனை நொடி கழித்து எலி எழுந்து நிற்கிறது என்று குறிக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க, மாத்திரை இல்லாமல் வெறும் தண்ணீர் கொடுத்த எலிகளுக்குச் சோதனை நடந்த வாரம் ஆவுடையப்பன் லீவு. திருவேங்கடத்தில் தம்பி மகள் சடங்கு. அங்கே அவனை ஓரமாக உட்கார வைத்ததும், பிள்ளைகளை அவன் மடியில் விடாததும் ஒன்றும் புதிதல்ல. மாத்திரை கொடுத்த எலிகளின் முறை வந்தபோது வேலைக்குத் திரும்பியிருந்தான். எலியின் கால் விறைத்த நேரத்தை ஜெஸ்லின் குனிந்து எழுதுவாள். எலி நின்றதும் அவன் "எந்திரிச்சிட்டு" என்பான். அவள் கடிகாரத்தை நிறுத்துவாள்.

எல்லாம் முடிந்த மத்தியானம் அவள் லட்டு வாங்கி வந்தாள். தண்ணீர் எலிகள் எழ இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனது. மாத்திரை எலிகளோ ஒரு நிமிஷத்துக்குள் எழுந்துவிட்டன. சோதனையை மேற்பார்க்கும் சார் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார், இனி இதைப் படித்து எங்கெங்கோ உள்ள டாக்டர்கள் யோசிப்பார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஆவுடையப்பன் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். துடித்து ஓய்ந்த ஒவ்வொரு எலியையும் அவன் ஒருக்களித்து வைத்து, முதுகை ஒரு விரலால் தடவிக் கொடுத்திருந்தான். தடவியதும் அவை எழுந்தன. அவள் குனிந்திருந்ததால் பார்க்கவில்லை.

இரண்டு நாள் அவனுக்கு வேறு நினைப்பில்லை. பொன்மணி பெட்டியோடு நின்ற வாசலே கண்ணுக்குள் நின்றது. மூன்றாம் நாள் எலி அறைக்கு வந்த ஜெஸ்லினிடம் சொல்லிவிட்டான்.

"அந்த எலிக மாத்திரைல எந்திரிக்கல மக்கா. நான் தொட்டேன்."

அவளுக்கு அது ஆறு வார வேலை. "ஏன் அண்ணாச்சி தொட்டீங்க? தொடக்கூடாதுன்னு தெரியும்லா?"

"எனக்கும் வலிப்பு வரும். முழிக்கையில ஒரு கை இருந்தா சீக்கிரம் எந்திரிச்சிரலாம். அந்தப் பழக்கத்துல தொட்டுட்டேன்."

அவள் நேரே சாரிடம் போனாள். சார் வேலையை விட்டு நிறுத்தவில்லை. தீனியும் கூண்டும் மட்டும் பார்த்தால் போதும், சோதனை நடக்கும்போது உள்ளே வரவேண்டாம் என்றார்.

சோதனையை மறுபடி செய்யப் புது எலிகள் வந்தன. ஆவுடையப்பன் கூண்டுகளை வைத்துவிட்டு வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான். மாத்திரை கொடுத்த முதல் எலி துடித்து ஓய்ந்து, மேஜை மேல் தனியாகக் கிடந்தது. ஜெஸ்லின் இந்தத் தடவை குனியவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள். இங்கே அவனும் அப்படியே நின்றான். ஒரு நிமிஷம் போனது. தண்ணீர் எலிகளுக்கு ஆனது போலவே இரண்டும் போனது. எலி ஒரு காலை ஊன்றிச் சரிந்தது, மறுபடி ஊன்றியது.

அது நின்றதும் ஆவுடையப்பன் வாய் தானாக "எந்திரிச்சிட்டு" என்றது. கண்ணாடி தடிமன், உள்ளே கேட்கவில்லை. உமி மூட்டையைப் பிரிக்கப் போனான்.