சிவப்புத் தட்டு

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. கோணலான பாகங்களைச் சிவப்புக் கூடையில் ஒதுக்க வேண்டும்.

போன கிறிஸ்துமஸுக்கு வீட்டில் நட்சத்திர பிஸ்கட் சுட்டேன். கம்பெனி பிரஸ் மிஷினில் இரண்டு விரல்களை இழந்து, வேலையும் போய் வீட்டிலிருந்த என் கணவர், தானாகவே வந்து ஐசிங் போட உட்கார்ந்தார். கோடுகள் கோணின. அக்கம்பக்கத்துக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டுமே என்று, அவர் போட்டதையெல்லாம் ஒரு சிவப்புத் தட்டில் ஒதுக்கினேன்.

"இன்னாம்மா, இதெல்லாம் ரிஜெக்டா?"

"ஆமாங்க" என்றேன், நிமிராமலே.

"என்னையும் கம்பெனில இப்படித்தான் ஒதுக்கி வெச்சாங்க."

எழுந்து போய்விட்டார். அந்தத் தட்டிலிருந்ததைத்தான் எல்லோருக்கும் கொடுத்தேன்.

இந்த வருஷம் மாவு பிசைந்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நீயே போட்டுக்கோ, சரியா வரும்" என்றார்.