மகளுக்குப் போட்ட வார்த்தை

நான் வேலை பார்த்த மில் மூடியபின் கடற்கரைப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. அதற்காக ஐம்பத்தாறு வயதில் ஆங்கில வகுப்புக்குப் போனேன். ஒருநாள் டீச்சர், விஷயத்தை வெளியே விடாத மனிதர்களுக்கான சொற்களைப் பலகையில் எழுதினார். இயல்பாகவே ஒதுங்கி இருப்பவர் ரிசர்வ்ட். அடுத்தவர் ரகசியத்தைக் காப்பவர் டிஸ்க்ரீட். கேட்டாலும் வாய் திறக்காதவர் டைட்-லிப்ட். வேண்டுமென்றே மறைப்பவர் சீக்ரெட்டிவ். நாமாக இருந்தால் அமுக்குணி, கல்லுளிமங்கன் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போயிருப்போம். வெள்ளைக்காரனுக்கு இதில்கூடத் தரம் பிரிக்க நேரம் இருந்திருக்கிறது.

வீட்டில் உள்ள ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார். என் வீட்டில் யார் இருக்கிறார்கள்? பெங்களூரில் வேலை பார்க்கும் மகளைச் சொன்னேன். "மை டாட்டர் ஈஸ் ரிசர்வ்ட்."

"வெரி குட்" என்றார் டீச்சர். எனக்குத்தான் நெஞ்சு குறுகுறுத்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பவள் அவள். அவளை மாற்றியது நான்.

வெளியூர் ஹாஸ்டலில் தங்கி அவள் கல்லூரிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் அம்மா பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். பரீட்சை நேரத்தில் பிள்ளைக்குக் கெட்ட சேதி சொல்வதில்லை, அது எங்கள் பக்கத்து வழக்கம். தினமும் போனில், "அம்மா குளிக்கிறா", "அம்மா கடைக்குப் போயிருக்கா" என்று ஏதோ ஒன்றைச் சொல்லி வைத்தேன். கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் என் மனைவி இறந்துவிட்டாள். அப்போதும் சொல்லவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். பரீட்சை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவள், வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு போன். "நல்லா இருக்கேன்பா." அதற்குமேல் ஒரு வார்த்தை பெயராது. போனை வைத்தபின் வீடு இன்னும் பெரிதாகத் தெரியும்.

அன்று சாயந்திரம் நானே கூப்பிட்டு, வகுப்பில் படித்த நாலு வார்த்தைகளையும் சொன்னேன்.

"எனக்கு எதப்பா போட்ட?"

"ரிசர்வ்ட்."

"உனக்கு?"

"சீக்ரெட்டிவ்மா. வேற எது பொருந்தும்?"

அப்புறம் அவளாகவே சொன்னாள்:

"அந்தக் கடைசி பேப்பர்ல நான் பெயில்பா. மறுபடி எழுதித்தான் பாஸ் பண்ணேன். நீ தாங்கமாட்டேன்னு சொல்லல."

எதற்காக அவளிடம் அம்மாவின் சாவை மறைத்தேனோ, அதுவும் நடக்கவில்லை.

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேம்மா" என்றேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.