இஞ்சிப் பச்சடி இல்லாமல் போன சொதி

நேற்று நம் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பிய சொதி சமையல் குறிப்பை இன்று பிரவுசிங் சென்டரில் திறந்து, பெருமையாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து கணினிக்காகப் பின்னால் காத்திருந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்தார்கள். "ஏம்மா, இஞ்சிப் பச்சடி எங்க? இம்புட்டு தேங்காப்பால் எப்படிச் செரிக்கும்?"

திருநெல்வேலியில் பச்சடி இல்லாமல் சொதியே கிடையாது. அதனாலேயே எனக்கு எழுதத் தோன்றவில்லை!

என் நேரம் முடிந்திருந்தது. எழுந்தேன். தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள்.

"மஸ்கட்ல இருந்து எம் மவ போட்ட மெயிலு எங்கயும் ஓடிராது. நான் பைய பாத்துக்கிடுதேன். மொதல்ல அந்தப் பிள்ளையளுக்கு எழுது."

அந்த மகராசி புண்ணியத்தில் பச்சடிக் குறிப்பு கீழே இருக்கிறது. நேற்றே சொதி சாப்பிட்டவர்கள், எழுந்து உட்கார முடிந்ததும் ஒரு வரி பதில் போடுங்கள்.