பச்சைக் குளமும் பொரிப் பொட்டலமும்

குளத்தின் நிறம் மாறியபோது முதலில் என் கண்ணாடியைத்தான் சந்தேகித்தேன். துடைத்துப் போட்டுப் பார்த்தேன். பச்சைதான்.

அடையாற்றில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள பூங்காவில், அண்மையில் தூர்வாரிப் படி கட்டிய குளம் அது. கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் ஆறு வயதுப் பேத்தி, காலையில் கீழ்ப்படியில் நின்றுகொண்டு மீன்களுக்குப் பொரி போடுவாள். மீன்கள் காலைக் கொத்தினால் சிரிப்பாள்.

கோயில் குளத்துப் பழக்கம் பூங்காவுக்கும் வந்துவிட்டது. பொரி போட்டால் புண்ணியம். ஒரு காலையில் பதினான்கு பொட்டலம் எண்ணினேன். அதோடு ரொட்டித் துண்டுகள், ஒரு டப்பா பழைய இட்லி. மீன் தின்றது கொஞ்சம். மிச்சம் ஊறி அழுகியது. பாசிக்கு அதைவிட நல்ல உரம் வேண்டுமா?

தம் நாயோடு வந்து என்னுடன் நடக்கும் நண்பர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பூங்கா வாசலில் அருகம்புல் சாறு குடிக்காமல் உள்ளே வரமாட்டார்.

"பச்சையைப் பாத்தா பயப்படறீங்களே சார்! இது ஸ்பைருலினா, சத்துப் பாசி. மருந்துக் கடையில டப்பால வெச்சு விக்கிறான், நமக்கு ஓசி."

"டப்பாவுல இருக்கறது வளர்த்தது. இது தானா வந்தது. என்ன வந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"போன மாசம் தர்பூசணில சாய ஊசின்னீங்க. அதுக்கு முன்னாடி பிளாஸ்டிக் அரிசி. இப்ப குளமா?"

குச்சியை விட்டுப் பார்த்தேன். சாதாரணப் பாசி நூல்நூலாகச் சுற்றிக்கொண்டு வரும். இது பெயின்ட் போலப் பூசிக்கொண்டு வந்தது. ஓரத்தில் ஒன்பது மீன்கள் மல்லாந்து கிடந்தன. காவலாளி அவற்றை வலையால் அள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மீனுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துகினு கீறீங்களா?"

அன்றும் கீழ்ப்படியில் நின்றிருந்த பேத்தியைக் கரையேற்றிக் குழாயடியில் காலைக் கழுவினேன். முழங்காலுக்குக் கீழே சிவப்புத் தடிப்புகள். கொசுக்கடி என்றார் நண்பர். என் பயத்தைப் போக்குவதற்காகத் தம் நாயின் கயிற்றை அவிழ்த்தும் விட்டார். அது இறங்கி வயிறு முட்டக் குடித்துவிட்டு, ரோமத்தை நக்கிக்கொண்டே வந்தது.

"பாத்தீங்களா? ஒண்ணுமில்ல!"

வீடு சேர்வதற்குள் நாய்க்கு வாயில் நுரை தள்ளியது, கால்கள் வெட்டி இழுத்தன. ஆட்டோவில் நானும் போனேன். கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "குளத்துத் தண்ணி ஏதாவது குடிச்சுதா?" நீலப்பச்சைப் பாசியில் சில வகை நஞ்சு, எது நஞ்சு என்று கண்ணால் சொல்ல முடியாது, குழந்தைகள் விழுங்கினாலும் ஆபத்து, தோலில் பட்டால் அரிப்பு, தடிப்பு வரும் என்றார். நண்பர் நாயோடு அங்கேயே தங்கிவிட்டார்.

மாலையில் பேத்தி அழுது அடம்பிடித்து என்னைப் பூங்காவுக்கு இழுத்துப் போனாள். படியருகே தண்ணீர் தெளிந்திருந்தது. நான்கு பிள்ளைகள் இறங்கிக் கும்மாளமிட்டார்கள்.

"மருந்து வுட்டாச்சு சார். கண்ணாடி மாறி கீது பாரு," என்றார் காவலாளி.

யார் விட்டார்கள்? எப்போது? பேத்தி அதற்குள் ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள். கடற்காற்று என் முதுகில் அடித்தது. அவள் கையைப் பிடித்து எதிர்க்கரைக்கு நடத்திப் போனேன். அங்கே பச்சை, தோசைமாவு போலத் திரண்டு ஒதுங்கியிருந்தது.

"பாசியக் காத்து இங்க தள்ளியிருக்கு. தண்ணி காலையில இருந்த அதே தண்ணிதான்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு அக்கரையைக் காட்டினாள். "அப்ப அவங்க, தாத்தா?"

மேலே ஏறச் சொல்லிக் கத்தினேன். "நீயும் வா தாத்தா, ஜில்லுனு கீது!" என்று பதில் வந்தது.

அப்போதுதான் நண்பர் வாசலில் நுழைந்தார். கையில் வெறும் கயிறு. நேரே படியிறங்கிப் போனார்.

"மேல வாங்கடா! என் நாய் டிரிப்ஸ்ல கிடக்குது, இந்தத் தண்ணியக் குடிச்சுட்டு!"

ஒவ்வொருவராக ஏறினார்கள். நான்கு பேரும் வந்துவிட்டார்களா என்று எண்ணினேன். எனக்கு முன்பே பேத்தி எண்ணி முடித்திருந்தாள். சுற்றி வந்து குழாயடியில் அவர்களைக் கழுவிக்கொள்ளச் செய்து, தண்ணீர் விழுங்கினீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். இல்லை என்றார்கள். நம்புவதா என்று தெரியவில்லை. வீட்டுக்குக் கூடவே போய் அம்மாக்களிடமே சொன்னேன்.

நான் திரும்பி வரும்போது நண்பர் இன்னும் படியில் வழிமறித்து நின்றிருந்தார். பொரிப் பொட்டலத்தோடு வந்த ஓர் அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.