அத்தான் உருவிய ஊசி

"என் ஊசிய யாரு எடுத்தது? இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு பொருளாவது வெச்ச இடத்துல இருக்குதா?"

அக்கா தினமும் காலையில் வாயைத் திறப்பதே இதைச் சொல்லத்தான். எடுத்தது யார் என்று அவளுக்கும் தெரியும், எடுத்தவருக்கும் தெரியும். அத்தான் மிக்ஸி, மின்விசிறி பழுது பார்ப்பவர். முன்னறைதான் அவர் பட்டறை. அடைப்பைக் குத்த, அழுக்கை நெம்ப, முதுகு சொறிய, எல்லாவற்றுக்கும் அவர் கைக்கு வருவது அக்காவின் பின்னல் ஊசிதான்.

"ஒரு குச்சிக்கு இவ்ளோ பேச்சா?" என்பார்.

"குச்சியா? முனை மழுங்கிப்போச்சுன்னா எதுக்கும் உதவாது. உங்க மூளை மாதிரி."

அக்கா கம்பளிச் சட்டை பின்னுவாள். உடம்புக்கு நீள ஊசி இரண்டு. கழுத்தை வளையமாகப் பின்ன, இரண்டு முனையும் கூரான குட்டை ஊசிகள். நடுவில் வளைந்த சின்ன ஊசி ஒன்றும் உண்டு. அதில் நூல் வளையங்களான கண்ணிகள் சிலவற்றை ஏற்றி முன்னால் நிறுத்திவிட்டு, பக்கத்துக் கண்ணிகளை முதலில் பின்னினால் சட்டையில் கயிறு முறுக்கினது போல எழும்பும். எல்லோரும் நூலை ஊசியில் ஒரு பக்கமாகச் சுற்றினால் அக்கா எதிர்ப்பக்கமாகச் சுற்றுவாள். தானே கற்றுக்கொண்டது, திருத்த ஆளில்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

ஊருக்கெல்லாம் பின்னியவள் அத்தானுக்கு மட்டும் பின்னியதில்லை. "ஊசித் திருடனுக்கு சட்டை ஒரு கேடா?" போன குளிரில் அவருக்கு மூச்சிழுப்பு அதிகமானதும், அவருடைய பழைய சட்டையை வைத்து அளவெடுத்து, சாம்பல் நிறத்தில் ஒன்று ஆரம்பித்தாள். அவர் கேட்டதற்கு, யாரோ வாத்தியாருக்கு என்று சொல்லிவிட்டாள். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். "அவர்கிட்ட உளறின, நாக்க அறுத்துடுவேன்."

முதுகுப் பக்கம் முடிந்து, முன்பக்கம் மார்புவரை வந்திருந்தது. துணி துவைக்கப் போனவள் குழாயடியில் விழுந்தாள். வலக்கை, வலக்கால், பேச்சு, மூன்றும் போயிற்று. நினைவு மட்டும் கல்லுப்போல இருக்கிறது. அதுதான் கொடுமை.

சமைத்துப்போட நான் போய்க்கொண்டிருந்தேன். அன்று சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே "ஆ... ஆ..." என்று அக்காவின் சத்தம். ஓடினேன். கட்டிலருகே அத்தான் நீள ஊசி இரண்டையும் வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"இனிமே ஊசி காணோம்னு அவ தேடவே வேணாம். உருவித் தொடச்சு பெட்டியில பூட்டிடறேன். சட்டைய மடிச்சு வெச்சா வாத்தியார் வந்து வாங்கிக்கட்டும்."

"ஐயோ அத்தான், சட்டையத் தூக்காதீங்க!"

தூக்கிவிட்டார். கண்ணிகள் ஒன்றை ஒன்று விட்டுவிட்டுக் கீழே இறங்கின. முறுக்குதான் முதலில் போயிற்று.

"என்னம்மா இது, தானா அவுருது?"

"ஊசிதான் அத்தான் அதப் புடிச்சிட்டு இருந்துச்சு! இத்தன வருஷம் கூட இருந்து இதுகூடத் தெரியலையா?"

"அந்த வாத்தியாருக்கு என்ன பதில் சொல்றது?"

அக்கா இடக்கையைத் தூக்கி அவர் நெஞ்சில் வைத்தாள். எடுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். ஆமென்று தலையை ஆட்டினேன்.

"எனக்கா?" என்றார். அன்று வடித்த சோற்றை யாரும் தொடவில்லை.

கம்பளி நூல் கடைக்காரம்மாவைக் கூட்டிவந்தேன். குனிந்து பார்த்தார். "திரும்ப ஊசியில ஏத்திடலாம். ஆனா இவங்க நூல மாத்திச் சுத்தறவங்க. என் கை வேற. நான் தொடற இடத்துல ஒரு கோடு விழுந்துடும்."

"விழட்டுமே, சட்டைதானே?" என்றேன்.

அக்கா சட்டையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த இழுப்பில் இன்னும் கொஞ்சம் பிரிந்தது. கடைக்காரம்மா கையை எடுத்துக்கொண்டார். எனக்குப் பின்னத் தெரியாது, பொத்தான் தைப்பதோடு சரி. என்ன செய்ய?

இப்போது அது அவள் தலைமாட்டில் ஒரு தட்டில் கிடக்கிறது. காற்றில் அசையக்கூடாது என்று விசிறி போடுவதில்லை. ஊரார் விசிறியையெல்லாம் ஓடவைப்பவர் வீட்டில் புழுங்கிச் சாகிறார்கள். அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கண்ணியைக் கோத்துப் பார்ப்பார். அக்கா கண்ணை மூடிக்கொள்வாள்.

"இதுவும் தப்பா?" என்று கேட்டு உருவிவிடுவார். தினமும் இதேதான்.

அக்காவைப் போய்ப் பாருங்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால், மிக்ஸி ரிப்பேர் பலகை தொங்கும் வீடு. பழம் வேண்டாம், விழுங்க முடியாது. சீக்கிரம் எழுந்துவிடுவீர்கள் என்று பொய்யும் வேண்டாம். நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பின்னுகிறவர் உங்களில் இருந்தால், உங்கள் ஊசியோடு போய் அவள் கண்ணில் படும்படி உட்கார்ந்து ஒரு வரிசை பின்னுங்கள். தட்டை அவளாக உங்கள் பக்கம் தள்ளினால் மட்டும் தொடுங்கள். பின்னத் தெரியாதவர்களும் போகலாம். விசிறியைப் போடச் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.