இரண்டு விரல் இடப்பக்கம்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். எங்கள் பெங்களூர் பேருந்து மூங்கில்துறைப்பட்டிலேயே நின்றுவிட்டது. ஒரு தோள் இறங்கிய பக்கத்து இருக்கைக்காரர், சாலையோரம் நின்று புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டு, அது பறக்கும் திசையைப் பார்த்தபடி இருந்தார். கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு மட்டைப் பை தூக்குகிறவராம். மறுநாள் காலையில் பெங்களூரில் பெரிய போட்டி.

"போன வருசம் கடைசிக் குழிங்க. நான் பை தூக்குறவரு நேரா அடிக்கப் பார்த்தாரு. தரை சாயுது, ரெண்டு விரல் எடப்பக்கம் தள்ளி அடிங்கன்னேன். பந்து உள்ள போச்சு. அந்த ஒரு அடியிலதான் கப்பே ஜெயிச்சாரு."

"அப்ப உங்களுக்காகக் காத்துக்கினு இருப்பாரே?"

"எதுக்குங்க? வேற ஆள வெச்சிக்கினு ஆடுவாரு. எம்பேரே அவருக்குத் தெரியாது."

பொழுது சாயும்வரை பேருந்து நகரவில்லை. அவ்வளவு நேரம் பேசியிருந்தும், நானும் அவர் பெயரைக் கேட்கவில்லை.